‘தடக் தடக்’ எங்கே போனது?

திருப்பருத்திக்குன்றத்தில் ரயில் நிலையம் கிடையாது. காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரம், வேகவதிக் கரை, திரைலோக்கியநாதர் என்னும் சமணக் கோயில், பட்டுத்தறி ஓடும் தெருக்கள். அவ்வளவுதான் ஊர். தண்டவாளம் போவது காஞ்சி நகரத்தையே தாண்டி மறுகோடியில். ஆனாலும் இங்கே ஐம்பது அறுபதைக் கடந்த நெசவாளர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால், எப்படியோ பழைய ரயில் உள்ளே வந்துவிடும்.

“இப்பல்லாம் ரயிலு கூவறதே காதுல விழறதில்ல தம்பி. அப்ப விடியக்காலம் தெருவுல பாவு நீட்டறப்ப அரக்கோணம் வண்டி கூவும். அதுதான் எங்களுக்குக் கடியாரம்” என்றார் ஒரு பெரியவர். பகலில் கூவியது கேட்குமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “பகல்ல கேட்டதா ஞாபகமில்லியே” என்றார்.

பெரியவரின் ஞாபகம் இயற்பியலோடு அழகாகப் பொருந்துகிறது. ஒலி சூடான காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். பகலில் வெயில் தரையைச் சுடுகிறது, தரையை ஒட்டிய காற்று சூடாகிறது, மேலே போகப்போகக் குளிர்ச்சி. அப்போது ஒலியலையின் அடிப்பகுதி முந்திக்கொண்டு ஓட, அலை முழுவதும் வானத்தை நோக்கி வளைந்துவிடும். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் நிற்பவருக்கு அது தலைக்கு மேலே போய்விடும். இரவில் நிலைமை தலைகீழ். தரை சீக்கிரம் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே சற்றுச் சூடான அடுக்கு ஒன்று போர்வையாக நிற்கிறது. இப்போது அலையின் மேற்பகுதிதான் முந்தும். ஒலி தரையை நோக்கி வளைந்து, வீடுகளையும் மரங்களையும் தாண்டி வந்து தொலைவில் இறங்கும். மேகமும் காற்றும் இல்லாத மார்கழி, தை இரவுகளில் இது உச்சத்தில் இருக்கும். விடியலில் வெயில் ஏறத் தொடங்கியதும் கலைந்துவிடும். பாவு நீட்டுகிற நேரமும் அதுவேதான், வெயிலுக்கு முன்.

இப்போது ஏன் கேட்பதில்லை? காற்றடுக்கு மாறவில்லை. இரைச்சல் மாறிவிட்டது. விடியற்காலை நான்கு மணிக்கும் லாரி ஓடுகிற ஊரில், தூரத்திலிருந்து வரும் மெல்லிய ஒலி அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகும். ஆக ஊர் இழந்ததில் பாதி ரயில், பாதி அமைதி. ஏங்கும்போது நாம் இரண்டையும் ரயிலின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

ரயிலைப் பற்றிய ஏக்கம் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்கர்களுக்கு அது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு ஓடிய ‘ட்வென்டியெத் செஞ்சுரி லிமிடெட்’ 1902இல் தொடங்கி 1967இல் நின்றது. பயணிகள் நடந்து ஏறுவதற்கு நடைமேடையில் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். 1949இல் ஓடத் தொடங்கிய ‘கலிபோர்னியா செஃபிர்’ வண்டியில் கண்ணாடிக் கூரை போட்ட மாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து மலைகளைப் பார்க்கலாம். விமானமும் நெடுஞ்சாலையும் இவற்றை விழுங்கின. தனியார் கம்பெனிகள் கைவிட்ட பயணி ரயில்களை ஏற்று நடத்த 1971 மே 1 அன்று ஆம்ட்ராக் வந்தது. அவர்கள் ஏங்குவது வெள்ளை மேஜைவிரிப்புக்கும் வெள்ளிக் கரண்டிக்கும்.

நம் ஏக்கத்தில் மேஜைவிரிப்பு இல்லை. கூஜாத் தண்ணீர், இலையில் கட்டிய புளியோதரை, கண்ணில் விழுந்த கரி, மரப்பலகை இருக்கை, ஜன்னல் கம்பியின் துருவாடை. இதெல்லாம் மூன்றாம் வகுப்பு. அது அந்த நாளில் எப்படி இருந்தது என்பதற்கு நம்பகமான சாட்சி காந்தி. 1917இல் பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு மூன்றாம் வகுப்பில் வந்துவிட்டு, அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நெரிசல், கழிப்பறையின் அசிங்கம், தேநீர் என்ற பெயரில் விற்ற கலங்கல் என்று வரிசையாகப் புகார்தான். அதில் பொற்காலத்தின் சாயல்கூட இல்லை. மூன்றாம் வகுப்பு என்ற பெயரை 1974இல் எடுத்தார்கள். சாதாரணத் தூங்கும் பெட்டியின் மரப்பலகைக்கு மெத்தை வந்தது மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்த 1970களின் கடைசியில். பலகையில் படுத்து முதுகு நொந்தவர்களே இன்று பலகையை நினைத்து உருகுகிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பழைய ரயிலில் நாம் ஆசையாக நினைவு வைத்திருக்கும் ஒவ்வொன்றும் ஒரு பொறியியல் குறை. ஓசை, புகை, ஆட்டம், தாமதம், எல்லாமே. பொறியாளர்கள் அந்தக் குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தார்கள். திருத்தத் திருத்த, ஞாபகம் பற்றிக்கொள்ளும் கொக்கிகளும் கழன்றுகொண்டே வந்தன.

முதலில் அந்தத் ‘தடக் தடக்’. எஃகு சூட்டில் நீளும். மீட்டர்கேஜ் தண்டவாளம் ஒன்றின் நீளம் 39 அடி, கிட்டத்தட்ட 12 மீட்டர். மார்கழி விடியலில் 20 டிகிரியில் இருக்கும் அந்தத் துண்டு சித்திரை வெயிலில் 60 டிகிரிக்கு மேல் போகும். 40 டிகிரி ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். ஒரு துண்டுக்கு இது அற்பம். ஆனால் இடைவெளியே விடாமல் ஒட்டி வைத்தால் பாதை பாம்பாக நெளிந்துவிடும். எனவே ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் சிறு இடைவெளி விட்டு, இரு பக்கமும் பிஷ் பிளேட் வைத்து போல்ட் முடுக்கினார்கள். சக்கரம் அந்த இடைவெளியில் இறங்கி ஏறும்போது எழுவதுதான் ‘தடக்’. பெட்டியின் இரு முனையிலும் அடியில் போகி என்னும் சக்கரச் சட்டம் ஒவ்வொன்று, ஒவ்வொரு போகியிலும் இரண்டு அச்சு. ஒரு பெட்டியின் பின் போகியும் அடுத்த பெட்டியின் முன் போகியும் அருகருகே இருப்பதால் நான்கு அடி சேர்ந்தாற்போல் விழும், பிறகு ஒரு மௌனம், மறுபடி நான்கு.

இந்த ஓசையை வைத்தே வண்டியின் வேகத்தைச் சொல்லிவிடலாம். ஒரு போகியின் மேல் உட்கார்ந்துகொண்டு, அதன் முதல் சக்கரத்தின் அடியை மட்டும் 43 நொடிக்கு எண்ண வேண்டும். எத்தனை அடியோ அத்தனை கிலோமீட்டர் வேகம். 12 மீட்டரையும் ஒரு மணிக்கு 3,600 நொடியையும் வைத்துப் போட்ட எளிய கணக்கு இது. அகலப்பாதையின் 13 மீட்டர்த் துண்டுக்கு 47 நொடி எண்ண வேண்டும். கைக்கடிகாரம் கட்டிய மாமாக்கள் ரயிலில் குழந்தைகளிடம் காட்டிய வித்தைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் இடைவெளி என்பது ரயில்வேக்குத் தலைவலி. அடி விழுந்து விழுந்து தண்டவாள முனை நசுங்கும், அடியில் ஜல்லி தூளாகும், சக்கரம் தேயும். கீமேன் தினமும் சுத்தியும் ஸ்பேனருமாகத் தன் பங்குப் பாதையை நடந்து, தளர்ந்ததை முடுக்கியபடி போவார். போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, எண்ணெய் தடவி மாட்டுவது கேங்மேன்களின் வருடாந்தர வேலை. இதற்கெல்லாம் முடிவாக வந்தது தண்டவாளத்தைப் பற்றவைப்பது. அலுமினியப் பொடியையும் இரும்பு ஆக்சைடையும் கலந்து பற்றவைத்தால், உருகிய இரும்பு வழிந்து இடைவெளியை நிரப்பும். இப்படிக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாக்கிவிட்டார்கள்.

வெயிலில் அது நீளாதா? நீள விடுவதில்லை. கான்கிரீட் ஸ்லீப்பரும் கிளிப்பும் கொட்டிய ஜல்லியும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. நீள முடியாத எஃகு அந்த ஆசையை அழுத்தமாக உள்ளேயே வைத்துக்கொள்ளும். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 30 டிகிரி வெப்பம் ஏறினால் உள்ளே சேரும் விசை ஏறத்தாழ 50 டன். இரு கோடியிலும் கொஞ்ச தூரம் மட்டும் நீண்டு சுருங்கும். நடுப்பகுதி அசைவதே இல்லை. நாம் காலடியில் தாண்டிப்போகும் அமைதியான தண்டவாளத்துக்குள் கோடைப் பகலில் இத்தனை விசை அடங்கிக் கிடக்கிறது. பழைய இரைச்சல் தண்டவாளம் இந்த விஷயத்தில் சாது.

அடுத்தது கரி. சுதந்திரத்துக்குப் பின் மீட்டர்கேஜில் பயணி வண்டி இழுத்தவை பெரும்பாலும் ஒய்.பி. ரக இன்ஜின்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த ரகத்தின் முதல் தொகுதி 1949இல் அமெரிக்காவின் பிலடெல்பியா பக்கத்து பால்ட்வின் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அமெரிக்க ரயில்கள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்நாட்டின் நீராவிக் கலையின் கடைசி மிச்சம் நம் பக்கம் வந்து சேர்ந்தது. பின்னால் ஜாம்ஷெட்பூரிலேயே நூற்றுக்கணக்கில் செய்தார்கள்.

நீராவி இன்ஜினின் ‘குப் குப்’ வெறும் சத்தமல்ல. வேலை முடித்த நீராவியை வீணாக வெளியே விடாமல் புகைபோக்கி வழியாக மேலே பீய்ச்சுவார்கள். அது போகும் வேகத்தில் பின்னாலுள்ள காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் புதுக் காற்று நெருப்புக்குள் புகும். வண்டி சிரமப்பட்டு ஏறும்போது நீராவி அதிகம், அதனால் இழுப்பு அதிகம், அதனால் நெருப்பும் அதிகம். யாரும் திருகாமல் தானே சரிசெய்துகொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் வியப்பு. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் ஒவ்வொரு தள்ளல். ஆகச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு ‘குப்’. ஒய்.பி.யின் பெரிய சக்கரம் நாலரை அடி விட்டம், சுற்றளவு 4.3 மீட்டர். கிளம்பும்போது ஒவ்வொரு ‘குப்’பையும் எண்ணலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினைந்துக்கும் மேல். காது அதைப் பிரித்துக் கேட்காது, ஒரே உறுமலாகிவிடும்.

அந்த இழுப்பே கரியையும் தூக்கிக்கொண்டு போகிறது. புதிதாக அள்ளிப் போட்ட நிலக்கரி நெருப்பைக் கொஞ்சம் குளிரவைக்க, முழுதாக எரியாத கார்பன் கரும்புகையாக வெளியேறும். பொடிக் கங்கும் கூடவே பறந்து ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில் விழும். நிலக்கரி தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வண்டியை இழுக்கப் பயன்படவில்லை. மீதியில் ஒரு துளிதான் நம் சட்டையில் படிந்தது.

ஆட்டத்துக்கும் காரணம் உண்டு. ரயில் சக்கரம் உருளை வடிவில் இருப்பதில்லை, லேசாகச் சாய்வாகக் கடைந்திருப்பார்கள். வளைவில் திரும்ப அது உதவும். ஆனால் நேர்ப்பாதையில் அந்தச் சாய்வே அச்சை இடமும் வலமுமாக அலைய வைக்கும். அலையின் நீளம் சக்கரத்தின் அளவையும் பாதையின் அகலத்தையும் பொறுத்தது என்று 1883இல் க்ளிங்கல் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டுக் காட்டினார். சக்கரம் சிறியது, பாதை குறுகியது என்றால் அலையும் குட்டை. அதனால் அதே வேகத்தில் மீட்டர்கேஜ் வண்டி அகலப்பாதை வண்டியைவிட அடிக்கடி ஆடும்.

பாதையின் அகலம் என்றதும் காஞ்சிக்கு ஒரு தனிப் பெருமை இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865இல் இந்தியன் டிராம்வே கம்பெனி போட்ட பாதை மூன்றரை அடி அகலம், அதாவது 1,067 மில்லிமீட்டர். இந்தியாவுக்கு அன்று அது அபூர்வமான அளவு. அந்தக் கம்பெனி பின்பு தென்னிந்திய ரயில்வேயில் கலந்தது. பாதையும் மீட்டர்கேஜாகி, வாலாஜாபாத், பாலூர் வழியாகச் செங்கல்பட்டுவரை நீண்டது. 1992இல் நாடு முழுவதையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்க, இதுவும் 1,676 மில்லிமீட்டராக விரிந்தது. ஒரே தடத்தில் மூன்று அகலம். சென்னை கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகும் மின்ரயில் இன்று அதன்மேல்தான் ஓடுகிறது.

விசில் கதை பாக்கி. கடந்து போகும் வண்டியின் கூவல் நம்மைத் தாண்டியதும் சட்டென்று இறங்கும். எதிரே வரும்போது அலைகள் நெருங்குவதால் சுருதி ஏறியும், விலகும்போது அலைகள் விரிவதால் இறங்கியும் கேட்கிறது. டாப்ளர் சொன்ன இதைச் சோதிக்க, 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பலோட் என்பவர் ரயிலில் எக்காளக்காரர்களை ஏற்றி ஊதச் சொல்லி, பாதையோரம் சங்கீதக்காரர்களை நிறுத்திச் சுருதியைக் கவனிக்கச் செய்தார். மணிக்கு 72 கிலோமீட்டரில் வரும் வண்டிக்குக் கணக்குப் போட்டால், வரும் சுருதிக்கும் போகும் சுருதிக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 9க்கு 8. அது சதுச்ருதி ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கும் தூரம். மீட்டர்கேஜ் மெயில் வண்டிகள் ஓடியது கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான். ரயில் போனபின் மனசு எதிலோ வந்து அமர்ந்ததுபோல் இருந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. இசை தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம்.

இத்தனை குறைகளும் எப்படி இனிப்பாகின்றன? 1997இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் மூன்று வாரம் சைக்கிள் பயணம் போனவர்கள் முதலியோரைப் பயணத்துக்கு முன்னும், நடுவிலும், பின்னும் கேட்டார்கள். எதிர்பார்ப்பும் இனிமை, ஞாபகமும் இனிமை. நடுவில் மட்டும் எரிச்சல். அந்த எரிச்சலை மறக்க அவர்களுக்குச் சில நாட்களே போதுமாக இருந்தன. காந்தி எழுதியது நடுவில் இருந்தவரின் சாட்சி, நாம் பேசுவது பின்னால் இருப்பவரின் சாட்சி.

கரிவாடைக்குத் தனி வழி. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்னும் மூளைப்பகுதி வழியாகச் சுற்றிப் போக, வாசனை மட்டும் மூக்கின் மேலுள்ள நரம்புக் குமிழிலிருந்து உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரிய பகுதிகளை நேரே எட்டுகிறது. 2006இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 65 முதல் 80 வயதுள்ளவர்களிடம் சொல், படம், வாசனை என்று மூன்றையும் கொடுத்துப் பழைய ஞாபகம் கேட்டார்கள். சொல்லும் படமும் அவர்களைப் பதின்பருவத்தை ஒட்டிய நாட்களுக்கு அழைத்துப் போயின. வாசனை பத்து வயதுக்கும் கீழே இறக்கியது. நிலக்கரி வாடை பட்டதும் அப்பா மடியில் உட்கார்ந்த பயணம் வருவது இதனால்தான்.

ஆனால் வந்து நிற்பது அதே பயணமா என்பது சந்தேகம். 2000இல் நியூயார்க்கில் கரீம் நாதரும் சகாக்களும் எலிகளை வைத்துக் காட்டினார்கள்: நினைவை ஒருமுறை வெளியே எடுத்தால் அது இளகி, மறுபடி புதிதாகப் பதிய வேண்டியிருக்கிறது. நடுவே குறுக்கிட்டால் அழிந்தும் போகும். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம் விஜயநகரக் காலத்தில் 1387இல் இருகப்பர் கட்டியது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் தீட்டியிருக்கின்றன. அப்படியொரு பழைய ஓவியத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தவன் எவ்வளவு பக்தியோடு செய்தாலும், அவன் கையும் அவன் காலத்து வண்ணமும் கொஞ்சம் சேர்ந்துவிடும். ஒவ்வொரு தடவை போட் மெயிலைப் பற்றிப் பேசும்போதும் நாம் அதைத்தான் செய்கிறோம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் மெட்ராஸிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், கப்பல் ஏறித் தலைமன்னார் இறங்கி, கொழும்புக்கு மறுபடி ரயில் பிடித்த பாதை அது. சொல்லச் சொல்ல அழகாகிக்கொண்டே போகும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் வண்டியைக் கடல் விழுங்கி, நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்ததும் அதே பாதையில்தான். அந்த வண்ணத்தை யாரும் இரண்டாம் முறை தீட்டுவதில்லை.

ஏக்கத்துக்கு விலை இருப்பதால் சில குறைகளைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறார்கள். 1899இல் தொடங்கிய நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர்வரை இன்றும் நீராவி இன்ஜின்தான் தள்ளுகிறது. அதற்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டிலும் புதிதாக நீராவி இன்ஜின் கட்டியிருக்கிறது.

சென்னைப் புறநகர்ப் பாதைகளின் புது மின்ரயில்களைக் கவனித்தால், கிளம்பும்போது தரைக்கு அடியிலிருந்து ஒரு ஊங்காரம் படிப்படியாகச் சுருதி ஏறுவது கேட்கும். மேல்கம்பியிலிருந்து வரும் மின்சாரத்தை நொடிக்குச் சில நூறு தடவை வெட்டி ஒட்டி மோட்டாருக்கு ஊட்டுகிறது இன்வெர்ட்டர். அந்த வெட்டலின் அதிர்வு மோட்டாரின் இரும்பைச் சிலிர்க்க வைக்கிறது. வேகம் ஏற ஏற வெட்டும் முறை மாறுவதால் ராகமும் மாறுகிறது. கடற்கரை வண்டியில் பள்ளிக்கூடப் பையன்கள் இதை வாயாலேயே செய்து காட்டுகிறார்கள். பொறியாளர் பார்வையில் இதுவும் வீணாகும் ஆற்றல், ஒரு குறை. சிலிக்கன் கார்பைடு கொண்ட புது ஸ்விட்சுகள் காதுக்கு எட்டாத அளவு வேகமாக வெட்டக்கூடியவை. ஜப்பானில் 2020இல் வந்த என்700எஸ் ஷிங்கன்செனில் அவை ஏற்கெனவே ஓடுகின்றன.